அடுத்த அம்மா எப்ப வருவாங்க?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு, குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கிற எல்லோருக்கும்:

போன மாதம் கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். ஏழு வயதுப் பையன் அவர்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. "அக்கா, திருப்பிக் குடுத்துட்டா பாவமா?" என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. அழுகிற தெம்புகூட அவளிடம் இல்லை. அவள் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பாமல் கொடிமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பையனோ, முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

அந்தக் கூட்டத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் எத்தனை பேர் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்களோ, உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நான் வயர் ஹார்னஸ் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். 2018இல் எங்கள் மகள் வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது ஏழாவது படிக்கிறாள். அவள் பெயரை எழுத மாட்டேன். எந்த இல்லத்திலிருந்து வந்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் எழுத மாட்டேன். அது அவளுடையது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். "மத்ததெல்லாம் எழுதும்மா" என்றாள்.

முதல் ஒரு வாரம் வீடு முழுக்கச் சிரிப்புதான். யார் வந்தாலும் ஒட்டிக்கொண்டாள். பால் போடுகிறவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் கேன் கொண்டுவருகிற தம்பியிடம் "என்னையும் வண்டில கூட்டிட்டுப் போறியா" என்றாள். "வந்த உடனே எப்படி ஒட்டிக்கிச்சு பாரு, ராசியான புள்ள" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்கும் பெருமையாக இருந்தது. யாரிடம் வேண்டுமானாலும் போய்விடுகிற குழந்தை இன்னும் யாரிடமும் வந்து சேரவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

என்னிடம் மிச்சமிருந்த ஈ.எல். எட்டு நாள். ஒன்பதாம் நாள் பி ஷிஃப்ட். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். "சொன்னா அழுவா. எழுப்பாம சத்தம் போடாம போயிடு" என்றார் மாமியார். நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே, நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எழுந்தவள் அழவே இல்லையாம். வீடு முழுக்கத் தேடிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாளாம். இருட்டியதும் அவள் அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டாளாம்: "அடுத்த அம்மா எப்ப வருவாங்க?"

ராத்திரி பதினொன்றரைக்கு நான் வந்தபோது அவர் இதைச் சொன்னார். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. இல்லத்தில் ஆயாம்மாக்களுக்கும் ஷிஃப்ட் உண்டு. காலையில் குளிப்பாட்டியவர் ஒருத்தர், மதியம் சோறு போட்டவர் ஒருத்தர், ராத்திரி அதட்டித் தூங்கவைத்தவர் இன்னொருத்தர். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தான், வேலை முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள். ஆனால் ஐந்து வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அம்மா என்றால் ஆள் மாறுகிற ஒரு வேலை. அப்படிப்பட்டவள் வந்து சேர்ந்ததோ, அம்மா ஒரு வாரம் விடியற்காலையிலும் ஒரு வாரம் மதியத்திலும் காணாமல் போகிற வீட்டுக்கு. அப்பாவுக்கு மூன்று ஷிஃப்டும் உண்டு.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தட்டை வீசினாள். கடித்தாள். நான் தலைவாரக் கிட்டே போனால் உடம்பைக் கல்லாக்கிக்கொண்டாள். படுக்கையை நனைத்தாள். ஒரு நாள் துவைப்பதற்காகத் தலையணை உறையை உருவினேன். உள்ளே காய்ந்துபோன இட்லித் துண்டு நாலு, பாலிதீன் பையில் உப்புமா, பாதி கடித்த பிஸ்கட், எல்லாவற்றிலும் எறும்பு. வீட்டில் சோற்றுக்குக் குறைவே இல்லை. கேட்டால், கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே "நான் எடுக்கல" என்றாள்.

பிறகு என் டேக். கழுத்தில் மாட்டுகிற கம்பெனி அடையாள அட்டை. அது இல்லாவிட்டால் நம் பக்கத்தில் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏ ஷிஃப்டுக்கு ஐந்து பத்துக்குப் பஸ். ஆணியில் மாட்டிய டேக் ஆணியில் இல்லை. முதல் தடவை டிவிக்குப் பின்னால் கிடைத்தது, ஆனால் பஸ் போய்விட்டது. இரண்டாம் தடவை கிடைக்கவே இல்லை. புது டேக்குக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்றாம் தடவை மெமோ. அன்றைக்குச் சாயங்காலம் அரிசி டிரம்மில் படியை விட்டபோது பழையதும் புதியதுமாக இரண்டு டேக்கும் அடியிலிருந்து வந்தன. கயிற்றை அழகாகச் சுற்றி, நகையை முடிந்து வைப்பதுபோலப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவளை அடித்தேன். "திருட்டுப் புத்தி" என்று கத்தினேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அடி வாங்கியவள் அழவில்லை. இது எப்போது வரும் என்று காத்திருந்தவள்போல என் முகத்தையே பார்த்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்கு அது. டேக் இல்லாவிட்டால் அம்மா போக முடியாது. அம்மா போகாவிட்டால் வேறு அம்மா வரமாட்டாள். அதாவது, இந்த அம்மாவே இருக்கட்டும் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை, டேக் இருந்தது. அந்த முடிவுக்குத்தான் நான் அடி கொடுத்தேன்.

இது எனக்குப் புரிவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. கொரோனா வந்துதான் புரிந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். இந்தப் பக்கம் எல்லா லைனும் நின்றது. ஒரகடம் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ராப்பகலாக வீட்டில் இருந்தோம். மூன்றாவது வாரம் படுக்கை நனைவது நின்றது. ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் தானாக வந்து என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. சம்பளம் வருமா, வீட்டுக்கடன் கட்ட முடியுமா என்று ஊரே பயந்திருந்த நாட்களில் அவள் மட்டும் நிம்மதியாக இருந்தாள். மே மாதம் கம்பெனிகள் திறந்தன. நான் முதல் ஷிஃப்ட் போன அன்றைக்கே படுக்கை நனைந்தது. ஒரு வாரத்தில் தலையணைக்குள் இட்லி வந்தது. டேக் மறுபடி காணோம்.

சென்னையில் ஒரு குழந்தை மனநல டாக்டரிடம் போனோம். மருந்துச் சீட்டு எழுதுவார் என்று நினைத்தேன். "அடுத்த தடவை வரும்போது உங்க ரெண்டு பேர் ஷிஃப்ட் சார்ட்டையும் எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் அவர்.

நம்முடைய கஷ்டத்தை நமக்கு முன்னாலேயே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் லண்டனில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில், பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் காப்பகம் நடத்தினார்கள். முதலில் எல்லாச் செவிலிகளும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதை மாற்றி, நாலைந்து குழந்தைகளுக்கு ஒரே பெண் என்று சின்னச் சின்னக் குடும்பமாகப் பிரித்தார்கள். அதுவரை அமைதியாக இருந்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். 'தன்' ஆள் அறையைவிட்டு நகர்ந்தாலே கூச்சல், அடுத்த பிள்ளையைத் தூக்கினால் பொறாமை. ஆனால் பின்தங்கிப்போயிருந்த பேச்சும் பழக்கவழக்கங்களும் அந்தப் பிள்ளைகளுக்கு மளமளவென்று வந்தன. இதை டாக்டர் சொன்னபோது எனக்கு அரிசி டிரம் ஞாபகம் வந்தது. உங்கள் பிள்ளை ஊரெல்லாம் சிரித்துவிட்டு உங்களிடம் மட்டும் வந்து ஆத்திரத்தைக் கொட்டுகிறது என்றால், உங்களிடம் எதையோ எதிர்பார்க்க ஆரம்பித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ருமேனியாவில் 2000இல் ஆரம்பித்த ஒரு ஆராய்ச்சியும் உண்டு. அங்கே இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அங்கும் இல்லத்தில் ஷிஃப்ட் முறைதான். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களிடம் பற்று நன்றாகத் துளிர்த்தது. அதற்குப் பிறகு போனவர்களிடமும் துளிர்த்தது, ஆனால் மெதுவாக.

நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மெதுவான பக்கம்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி, பரிகாரம் என்று அலைந்துவிட்டுக் கடைசியில்தான் நம்மில் பலர் பதிவு பண்ணுகிறோம். புருஷன் பெண்டாட்டி வயதைக் கூட்டிப் பார்ப்பது விதி. 2022 விதிகளின்படி கூட்டுத்தொகை 85க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 90 வரை நாலு வயதுக்குட்பட்டது. 100 வரை எட்டு வயதுக்குட்பட்டது. எங்கள் இரண்டு பேர் வயதையும் பதிவு செய்த அன்று கூட்டினால் 92. ஆகவே நமக்கு வருவது வெறும் பலகை இல்லை. ஏற்கெனவே பாதி எழுதிய பலகை. அதில் எழுதியிருப்பதை அழிக்க நமக்கு உரிமையும் கிடையாது, முடியவும் முடியாது.

சரி, என்ன செய்தோம்?

முதலில் சொல்லாமல் போவதை நிறுத்தினோம். விடியற்காலை நாலே முக்காலுக்கு அவளை லேசாகத் தட்டி எழுப்பி, "அம்மா ஷிஃப்டுக்குப் போறேன், மூணு மணிக்கு இந்தக் கதவு வழியா வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் இரண்டு மாதம் தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். மாமியார் என்னைத் திட்டினார். அந்த அழுகையைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ஏமாற்றிவிட்டுப் போனால் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிற குழந்தை வரும், சொல்லிவிட்டுப் போனால் அழுகிற குழந்தை வரும். அழுகிறவளைத்தான் சமாதானப்படுத்த முடியும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஷிஃப்ட் சார்ட்டை ஒட்டினோம். ஏ ஷிஃப்டுக்கு மஞ்சள் பொட்டு, பி ஷிஃப்டுக்குச் சிவப்பு, அப்பா நைட் போகிற நாளுக்கு நீலம். என் அக்கா வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையையே அதற்கு எடுத்துக்கொண்டோம். தினமும் ராத்திரி அவளே போய் விரல் வைத்துப் பார்ப்பாள். கம்பெனி திடீரென்று ஷிஃப்டை மாற்றினால், அதையும் அவளிடம் சொல்லிப் பொட்டைப் பிய்த்து மாற்றி ஒட்டினோம். டேக்குக்கும் ஒரு வழி பண்ணினேன். நான் டிரெய்னியாக இருந்தபோது போட்டிருந்த பழைய டேக், சின்ன வயசுப் போட்டோ உள்ளது, பீரோவில் கிடந்தது. "இது அம்மா. நான் வர்ற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்" என்று அவள் கழுத்தில் மாட்டினேன். மூன்று வருஷம் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். என் டேக் அதற்குப் பிறகு தொலையவில்லை.

சாப்பாட்டை ஒளிப்பதற்காகத் திட்டுவதையும் விட்டோம். அலமாரியின் கீழ்த்தட்டில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா. கடலை உருண்டை, முறுக்கு, பிஸ்கட் என்று எப்போதும் நிறைந்திருக்கும். கேட்காமல் எடுக்கலாம். எண்ணிப் பார்க்க மாட்டோம். தலையணைக்குள் இட்லி போவது நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இந்த மாதிரி விஷயத்தில் ஒரு வருஷம் என்பது சீக்கிரம்.

அவள் கத்தி அடங்குகிற வரைக்கும் புத்தி சொல்வதில்லை என்பதை மட்டும் நான் கற்றுக்கொள்ள ரொம்பக் கஷ்டப்பட்டேன். பயத்தில் இருக்கிற உடம்புக்குக் காது கேட்காது. "ரூம்ல போய் தனியா இரு, புத்தி வந்ததும் வா" என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. தனியாக விடப்படுவதுதானே அவர்களுக்கு நடந்த கொடுமை. நான் தரையில், கைக்கெட்டாத தூரத்தில், கதவை மறைக்காமல் உட்காருவேன். "இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்வேன். அடங்கியதும் தண்ணீர், மோர், ஏதாவது. பேச்செல்லாம் சாயங்காலம், பூண்டு உரிக்கும்போது, முகத்தைப் பார்க்காமல். அமெரிக்காவில் டான் ஹ்யூஸ் என்கிற உளவியலாளர் தத்துப் பிள்ளைகளோடு வேலைசெய்து நாலு விஷயத்தைச் சொல்கிறார்: விளையாட்டு மனம், அப்படியே ஏற்றுக்கொள்வது, ஏன் இப்படிச் செய்கிறாள் என்று தெரிந்துகொள்கிற ஆவல், பரிவு. எனக்கு அதில் மூன்றாவதுதான் கைகொடுத்தது. "ஏன்டி இப்படிப் பண்ணே" என்று அதட்டுவதை விட்டு, "நான் திரும்பி வரமாட்டேன்னு நினைச்சியோ?" என்று கேட்க ஆரம்பித்தேன். பல நாள் பதில் வராது. ஒரு நாள் தலையாட்டினாள்.

வீட்டில் பேசுகிற பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற விளையாட்டு. என் அப்பா என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார், நான் கோபித்துக்கொண்டு போய் அவர் மடியிலேயே விழுந்திருக்கிறேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் என் தம்பி அதையே என் மகளிடம் சொன்னான். அவன் மனசில் ஒன்றுமில்லை, மருமகள் மேல் உள்ள பாசத்தில் சொன்னான். அன்று ராத்திரி அவள் தன் துணியை எல்லாம் ஒரு கட்டைப்பையில் அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "தவிட்டைத் திருப்பிக் கேட்டாங்களா?" "பூச்சாண்டிகிட்ட குடுத்துடுவேன்", "ஹாஸ்டல்ல தள்ளிடுவேன்", "இப்படிப் பண்ணா வந்த இடத்துக்கே போ" — இந்த வார்த்தைகளை வீட்டைவிட்டே துரத்திவிடுங்கள். தாத்தா, ஆயா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிவையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடியாத மாடு படியாது என்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே அடிபட்டு வந்தவர்கள். தாயத்து, மந்திரிப்பு, சூடு போடுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். பிள்ளையை இறுக்கிக் கட்டிப்பிடித்து அடக்கினால் பாசம் வந்துவிடும் என்று யாராவது சிகிச்சை என்ற பெயரில் சொன்னால் அதற்கும்தான். 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் பத்து வயதுத் தத்துக்குழந்தை ஒன்றைப் போர்வையில் சுற்றி அமுக்கி, 'மறுபிறப்பு' சிகிச்சை என்று செய்தார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. குழந்தை இறந்துபோனாள். அடுத்த வருஷம் அந்த மாநிலம் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது.

இனி உங்களைப் பற்றி. பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

இரண்டாம் வருஷம் எனக்கு ஒன்று நடந்தது. அவளைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை. குளிப்பாட்டினேன், சோறு போட்டேன், சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். மனசு மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தது. சூப்பர்வைசர் ஓ.டி.க்கு ஆள் கேட்டால் முதல் கை என்னுடையது. காசுக்காக இல்லை. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கம்பெனியில் கனெக்டர் ஒழுங்காக மாட்டினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும், வந்தால் சரி, வராவிட்டால் தள்ளிவிடலாம். வீட்டில் எதை எங்கே மாட்டினாலும் அந்தச் சத்தம் வரவில்லை. நீ நல்ல அம்மா இல்லை, அதனால்தான் கடவுள் உனக்குக் கொடுக்கவில்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கொடுத்துக்கொண்டே இருந்து திரும்ப ஒன்றும் வராதபோது வளர்க்கிறவர்களின் மனசு இப்படி அடைத்துக்கொள்வது உண்டு என்றும், அது கெட்டதனம் இல்லை, களைப்பு என்றும் டாக்டர் சொன்ன அன்று அவர் அறையிலேயே அழுதேன். அதற்கு மருந்து தூக்கமும், பேச ஒரு ஆளும்தான். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவளைக் கூட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். நான் தூங்குவேன். அந்த மூன்று மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது. பேச ஆள் இல்லாதவர்கள் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

தத்துக் கொடுத்த பிறகு இரண்டு வருஷத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர்கள் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. அவர்கள் வருகிற அன்றைக்கு நான் வீட்டைக் கழுவி, பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றேன். நாலு தடவையும் அதே பொய். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கடித்த தழும்பைக் காட்டுங்கள். ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். உங்களுக்குத் தத்து உத்தரவு போட்டது கலெக்டர். 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டுக்குப் பதில் அவர்தான் போடுகிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அவருக்குக் கீழேதான் இருக்கிறது. போய்க் கேட்பது உங்கள் உரிமை.

ஷிஃப்ட் விஷயத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிரசவகாலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, தத்தெடுக்கிற தாய்க்கு 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சேர்த்தார்கள். ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கைவிடப்பட்ட கைக்குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கவே சட்டம் இரண்டு மாதம் வரை நேரம் தருகிறது, இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாலு மாதம். பிறகு பொருத்தம் பார்த்து, கைக்கு வருவதற்குள் எந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகாமல் இருக்கும்? இது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போன விஷயம். ஐந்து வயதுக் குழந்தையோடு போய் நின்ற எனக்கு அன்றைக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. வளர்ந்த குழந்தைக்குத்தான் அம்மா பக்கத்தில் இருப்பது அதிகம் தேவை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் ஹெச்.ஆரிடம் நாலு தடவை நடந்து, ஒரு வருஷம் ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினேன். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார்கள். எத்தனை பேர் கேட்டுவிடப் போகிறோம்? ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் தத்தெடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். இந்தப் பக்கம் பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு இடம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம். படுக்க இடம், போக பஸ், சாப்பிட கேன்டீன் என்று தொழிலாளிக்கு யோசிக்கத் தெரிந்தவர்களால் இதையும் யோசிக்க முடியும். வளர்ந்த குழந்தையைத் தத்தெடுத்தவருக்கு முதல் இரண்டு வருஷம் மாறாத ஷிஃப்ட். செலவு ஒரு ரூபாய் கிடையாது. சங்கத்தில் இருக்கிறவர்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்.

பள்ளிக்கூடத்தில் "கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்த போட்டோ கொண்டு வா" என்பார்கள், அது இல்லாத பிள்ளை இருக்கிறது என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அக்கம்பக்கம் கேட்கும், "யாரு பெத்ததோ, என்ன ரத்தமோ" என்று. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். துளசித் தோட்டத்தில் கிடைத்துப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்த ஆண்டாளின் நேர்த்திக்கடனை இந்த ஊர்க்காரர்தான் பின்னாளில் நிறைவேற்றினார் என்றும், அதற்காக அவள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாள் என்றும் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையை "எடுத்துப் போட்டது" என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கோயிலில் கேட்ட தங்கச்சிக்கு வருகிறேன். நீ மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2019 வரையிலான ஐந்து வருஷத்தில் நாடு முழுக்க 1,100க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் காரா ஆணையமே சொன்ன கணக்கு இது. அதில் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளும் சிறப்புக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளும்தான். ஒரு குடும்பத்தில் வாழ்வது எப்படி என்று இல்லங்கள் அந்தப் பிள்ளைகளைத் தயார்படுத்தாததும் காரணம் என்றார்கள். நம்மையும் யாரும் தயார்படுத்தவில்லை. சில வீடுகளில் உண்மையிலேயே முடியாமல் போயிருக்கும், அவர்களைக் குற்றம் சொல்ல நான் ஆளில்லை.

2014இல் இந்தப் பக்கம் ஒரு பெரிய செல்போன் கம்பெனி மூடியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் வேலை பார்த்த என் தோழி, வேறு கம்பெனியில் சேர்ந்து நாலு வருஷம் கழித்தும் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் நோட்டீஸ் போர்டைத்தான் பார்ப்பாள். எட்டு வருஷம் வேலை பார்த்த இடம் போனதற்கே அப்படி. உன் பையன் ஐந்து மாதமாக உன் முகத்தை நோட்டீஸ் போர்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பாவமா என்று கேட்டாய். பாவ புண்ணியம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து மாதம் போதாது என்பது தெரியும். எங்களுக்கு ஐந்தாம் மாதம்தான் இருப்பதிலேயே மோசமான மாதம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேர் ஷிஃப்ட் சார்ட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களும் வரலாம். பையனையும் கூட்டிக்கொண்டு வா. முறுக்கு டப்பா இன்னும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அவன் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.